கொழுப்பொட்டின் நூற்றுமுப்பது ஆண்டுகள்: குழந்தைகளின் முகச் சீரமைப்பில் ஒரு வரலாறு

பிறவியிலேயே ஒரு பக்கத் தாடையும் கன்னமும் காதும் சரிவர வளராமல் போன குழந்தைகளும், நன்றாக வளர்ந்துவந்த முகத்தின் ஒரு பாதி பள்ளிப் பருவத்தில் மெல்லச் சுருங்கத் தொடங்கும் குழந்தைகளும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். முதல் வகைக் குறையை மருத்துவர்கள் கிரேனியோஃபேஷியல் மைக்ரோசோமியா என்கின்றனர். உதடு, அண்ணப் பிளவுகளுக்கு அடுத்தபடியாக முகத்தில் மிகுதியாகக் காணப்படும் பிறவிக் குறை இதுவே. இரண்டாவது, இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் பாரி எழுதி அவர் மறைவுக்குப் பின் 1825இல் வெளியான குறிப்பாலும், பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் 1846இல் தந்த விளக்கத்தாலும் அறியப்பட்டு, அவ்விருவர் பெயராலேயே பாரி–ராம்பெர்க் நோய் என வழங்குகிறது. இவ்விரு நிலைகளிலும் எலும்பை வெட்டியும் நீட்டியும் ஒழுங்குபடுத்திய பின்னரும், தோலுக்கு அடியில் இருக்கவேண்டிய மென்திசு இல்லாததால் கன்னம் குழிந்தே நிற்கும். அக்குழியை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு அறுவை மருத்துவம் அளித்துவந்த விடைகளில் மிகப் பழையதும், இன்று மீண்டும் முன்னிலைக்கு வந்திருப்பதும், நோயாளியின் சொந்தக் கொழுப்பு ஆகும். கொழுப்பை வெறும் நிரப்புப் பொருளாகக் கருதிய காலங்களில் இச்சிகிச்சை தடுமாறியது. அதை ரத்த ஓட்டம் வேண்டி நிற்கும் உயிருள்ள திசுவாகக் கருதத் தொடங்கிய பிறகே முன்னேறியது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

கீல் நகரத் தொடக்கம்

ஓரிடத்திலிருந்து முழுவதுமாக வெட்டியெடுத்த திசுவை, அதற்குரிய ரத்தக் குழாய்கள் எவையும் இன்றி, வேறோர் இடத்தில் பதிப்பதே ஒட்டு எனப்படுகிறது. அவ்வாறு பதிக்கப்பட்ட திசு, சுற்றியுள்ள பகுதியிலிருந்து புதிய நுண்குழாய்கள் உள்ளே வளரும் வரையிலான சில நாட்களைச் சுற்றிலும் கசியும் திரவத்தை உறிஞ்சியே கழிக்கவேண்டும். அந்நாட்களில் சீழ் பிடித்துவிட்டால் ஒட்டு முழுவதும் அழுகிவிடும். ஆகவே கிருமியற்ற அறுவைக் கூடம் உருவாகும் முன் இத்தகைய முயற்சிக்கு இடமே இருக்கவில்லை. ஜெர்மனியின் வடக்கே கீல் நகரில், கிருமித்தூய்மையையே அடிப்படையாகக் கொண்டு தம் மருத்துவமனையை 1880களில் அமைத்த குஸ்தாவ் நாய்பர் என்பவரே முதல் கொழுப்பொட்டையும் செய்தவராக அறியப்படுவது, எனவே தற்செயலன்று. எலும்புக் காசநோயால் கண்குழியின் விளிம்பில் ஆழமான தழும்பு ஏற்பட்டிருந்த 20 வயது நோயாளி ஒருவருக்கு, கையிலிருந்து சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து அத்தழும்பின் அடியில் வைத்ததை, 1893இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். சிறு துண்டுகளே நன்கு ஒட்டின, பெரியவை நம்பிக்கை தரவில்லை என்ற அவருடைய கவனிப்பு, காரணம் அறியப்படாமலே கூறப்பட்டதாயினும், அடுத்த நூறாண்டுக்கால ஆய்வுகள் மீண்டும் வந்து சேர்ந்த முடிவாகும்.

இரண்டே ஆண்டுகளில், 1895இல், ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த வின்சென்ஸ் செர்னி, கட்டி அகற்றப்பட்டுக் குழிந்த ஒரு மார்பகத்தில், அதே பெண்ணின் இடுப்புப் பகுதியில் இருந்த தீங்கற்ற கொழுப்புக் கட்டியை வைத்துச் சீரமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இம்முறையை விரிவாகக் கையாண்டவர் எரிக் லெக்ஸர் ஆவார். ஒருபக்க முகச் சுருக்கம் உள்ளிட்ட பல குறைகளுக்குக் கொழுப்பைப் பயன்படுத்திய அவர், உடலின் பல்வேறு திசுக்களை ஒட்டும் முறைகளைத் தொகுத்து 1919 தொடங்கி இரு பகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டார். நாய்பருக்கு மாறாக, கொழுப்பைச் சிதைக்காமல் பெரிய ஒற்றைத் துண்டாக வைப்பதையே லெக்ஸர் விரும்பினார். திசுவைக் கையாளும்போது நேரும் காயமே அதன் அழிவுக்குக் காரணம் என்பது அவர் எண்ணம். கொழுப்புச் செல்கள் மெல்லிய சுவருடைய, எளிதில் உடையக்கூடிய எண்ணெய்ப் பைகள் என்பதால் அவ்வெண்ணத்தில் உண்மை இருந்தது. ஆனால் பெரிய துண்டின் நடுப்பகுதிக்கு உயிர்வளி எட்டாது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

கத்தியைத் தவிர்த்து ஊசியால் நிரப்பும் ஆசையும் அதே காலத்தில் தோன்றியது. வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி 1899இல் உருகிய பாரஃபினை உடலுக்குள் செலுத்திக் காட்டியபின், குழிந்த மூக்கையும் கன்னத்தையும் சில நிமிடங்களில் நிமிர்த்திவிடலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. பாரஃபின் நாளடைவில் இடம்பெயர்ந்தது. கடினமான கட்டிகளாக இறுகியது. ரத்தக் குழாய்க்குள் நுழைந்து பார்வையைப் பறித்த நிகழ்வுகளும் 1903 முதலே பதிவாயின. பெர்லினைச் சேர்ந்த ஓய்கன் ஹொலேண்டர், முகக் கொழுப்பு கரைந்துபோன நோயாளிகளுக்கு மனிதக் கொழுப்புடன் செம்மறிக் கடாவின் கொழுப்பைக் கலந்து ஊசியால் செலுத்தியதற்கான சான்றும் 1910ஆம் ஆண்டையொட்டிய வெளியீடுகளில் உள்ளது. மனிதக் கொழுப்பு மட்டும் விரைவில் கரைந்துவிடுகிறது என்பதே இக்கலவைக்குச் சொல்லப்பட்ட காரணம். கொழுப்பை மெழுகுக்கு நிகரான சடப்பொருளாகப் பார்க்கும் மனப்பாங்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சிகாகோவின் சார்லஸ் மில்லர் 1926இல் கேனுலா எனப்படும் மெல்லிய குழாய் வழியே நிரப்பும் முறைகளைப் பற்றி நூல் எழுதினார். எனினும் பலன் நிலைக்காததால் ஊசி வழிக் கொழுப்பொட்டு அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

எவ்வளவு நிற்கும் என்ற கேள்வி

வைத்த கொழுப்பு ஏன் குறைகிறது, எஞ்சுவது எது என்ற கேள்வியில் இரு கொள்கைகள் எதிரெதிராக நின்றன. நியூயார்க்கின் ஹெரால்டு நியூஹாஃப் 1923இல் வெளியிட்ட நூலில், ஒட்டப்பட்ட கொழுப்பு முழுவதும் இறந்துவிடுகிறது, அதன் இடத்தை உடலின் சொந்தச் செல்களே பின்னர் பிடித்துக்கொள்கின்றன என்று வாதிட்டார். நியூ ஜெர்சியைச் சேர்ந்த லிண்டன் பியர், ஒட்டுகளை வைக்கும் முன்னும் பின்னரும் எடைபோட்டு, ஓராண்டில் ஏறத்தாழப் பாதி எடை குறைந்துவிடுகிறது என்றும், மீதியில் இருப்பவை இடம் மாற்றி வைக்கப்பட்ட அதே செல்களே என்றும் 1950இல் அறிவித்தார். பாதி கரையும் என்ற பியரின் கணக்கு, தேவைக்கு மேல் மிகையாக வைக்கும் வழக்கத்துக்கு அடிப்படையாயிற்று. ஆனால் எந்தப் பாதி கரையும், எந்த நோயாளிக்கு எவ்வளவு கரையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல அக்கணக்கு உதவவில்லை.

இந்த நிச்சயமின்மையால் மருத்துவர்கள் வேறு வழிகளை நாடினர். 1960களில் நியூயார்க்கில் தாமஸ் ரீஸும் அவர் குழுவினரும் ஒருபக்க முகச் சுருக்கத்துக்குத் திரவ சிலிகோனைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பத்தாண்டுக்கால விளைவுகளை 1973இல் வெளியிட்டனர்; உடலுக்கு அந்நியமான திரவம் வாழ்நாள் முழுவதும் முகத்தில் தங்குவதன் ஆபத்து இம்முறையைப் பரவலாகவிடவில்லை. அதே 1973இல் மெல்பர்னில், தொடையிடுக்குத் தோலையும் கொழுப்பையும் அவற்றுக்குரிய ரத்தக் குழாயுடன் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வேறிடத்துக் குழாயுடன் இணைக்கும் அறுவை வெற்றி பெற்றது. ரத்த ஓட்டத்தோடு செல்லும் திசு கரையாது என்பதால், மடல் எனப்படும் இத்தகைய திசுவின் மாற்றம் ஆழமான முகக் குறைகளுக்கு நம்பகமான தீர்வாயிற்று. எனினும் குழந்தைக்குப் பல மணிநேர மயக்கமும், எடுத்த இடத்தில் நீண்ட தழும்பும், வைத்த மடல் கீழே தொய்வதால் பின்னர் செதுக்கிக் குறைக்கும் அறுவைகளும் அதன் விலையாயின.

லைப்போசக்சனும் கோல்மனும்

கொழுப்பொட்டுக்கு மறுவாழ்வு தந்தது முகச் சீரமைப்பு அன்று. உடல் மெலிவு நாடியோருக்கான ஒரு தொழில்நுட்பமே ஆகும். 1970களின் நடுவில் ரோம் நகரின் ஃபிஷர் தந்தையும் மகனும், 1977இல் பாரிஸின் இவ் ழெரார் இலூஸும், மழுங்கிய முனையுடைய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்சனை வளர்த்தெடுத்தனர். அதுவரை வெட்டித் துண்டாக எடுக்கவேண்டியிருந்த கொழுப்பு, இப்போது சிரிஞ்சில் திரவநிலையில் கிடைத்தது. வீணாக எறியப்பட்டதை மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முயற்சிகள் 1980களில் பெருகின. முறைப்படுத்தப்படாத அம்முயற்சிகளின் பலன்கள் மாறிமாறி அமைந்தன. கரைந்து சுண்ணாம்பாகப் படியும் கொழுப்பு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் குழப்பும் என்ற அச்சத்தால், மார்பகத்தில் கொழுப்பு செலுத்துவதை அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் சங்கம் 1987இல் வெளிப்படையாகக் கண்டித்தது. 2009இல்தான் அந்நிலைப்பாடு தளர்த்தப்பட்டது.

நியூயார்க்கின் சிட்னி கோல்மன் 1990களின் நடுப்பகுதியில் வெளியிட்ட முறை இக்குழப்பத்துக்கு ஒழுங்கு தந்தது. குறைந்த விசையில் சிரிஞ்சால் உறிஞ்சுதல், மையவிலக்குச் சுழற்றியில் சில நிமிடங்கள் சுழற்றி எண்ணெயையும் ரத்தத்தையும் பிரித்தல், ஒவ்வொரு நுழைவிலும் மிகச்சிறு அளவே கொழுப்பைப் பல மட்டங்களில், பல திசைகளில் பரப்புதல் என்ற மூன்று படிகளைக் கொண்டது அம்முறை. நாற்றை முடிச்சோடு ஊன்றாமல் பிரித்து நடுவதுபோல, ஒவ்வொரு துகளும் நல்ல ரத்த ஓட்டமுள்ள திசுவைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஒரு நூற்றாண்டுக்கு முன் சிறு துண்டுகளைப் பரிந்துரைத்த நாய்பரின் கவனிப்பு இவ்வாறு முழுமையான செய்முறையாயிற்று. குழந்தைகளின் முகச் சீரமைப்பில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. தாடை அறுவை, காது அமைப்பு என்று குழந்தை எப்படியும் மயக்கத்துக்கு உள்ளாகும் ஒவ்வொரு முறையும், சில மில்லிலிட்டர் கொழுப்பைக் கன்னத்தில் சேர்த்துவர முடிந்தது. பெரிய மடல் மாற்றத்துக்கு இணையான முகச் சமநிலையைப் பல தவணைக் கொழுப்பொட்டால் எட்டலாம் என்று 2010களில் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வும் காட்டியது.

படிவில் கிடந்த செல்கள்

கொழுப்பொட்டின் அடுத்த திருப்பத்துக்கான விதை அறுவைக் கூடத்துக்கு வெளியே, ஆய்வகத்தில் விழுந்திருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய மார்ட்டின் ராட்பெல், இன்சுலின் போன்ற ஹார்மோன்களின் செயலை ஆராய்வதற்காக, எலியின் கொழுப்பைக் கொலாஜினேஸ் என்னும் நொதியால் கரைத்துத் தனித்தனிச் செல்களாகப் பிரிக்கும் முறையை 1964இல் வெளியிட்டார். எண்ணெய் நிறைந்த கொழுப்புச் செல்கள் மேலே மிதந்தன. ரத்தக் குழாய்ச் செல்களும் தாங்குதிசுச் செல்களும் அடியில் படிந்தன. ராட்பெல்லுக்கு வேண்டியிருந்தவை மிதந்தவையே. செல்களில் செய்தி கடத்தப்படும் விதம் குறித்து அவர் பின்னர் செய்த ஆய்வு 1994இல் நோபல் பரிசையும் பெற்றுத்தந்தது. ஸ்ட்ரோமல் வாஸ்குலர் பகுதி எனப் பெயர்பெற்ற அடிப்படிவு பல ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா சூக்கும் அவர் குழுவினரும், லைப்போசக்சனில் எடுத்த மனிதக் கொழுப்பிலிருந்து பிரித்த இப்படிவுச் செல்கள், தக்க வளர்ப்பூட்டத்தில் கொழுப்பாகவும் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் தசையாகவும் மாறும் இயல்புடையவை என்று 2001இல் அறிவித்தபோது, கொழுப்பு ஸ்டெம் செல்களின் இருப்பிடமாகப் பார்க்கப்படலாயிற்று. ஸ்டெம் செல் என்பது, தானும் பெருகி, வேறு வகைச் செல்களையும் தோற்றுவிக்கவல்ல மூலச் செல் ஆகும்.

இக்கண்டுபிடிப்பைக் கொழுப்பொட்டுடன் இணைத்தவர் டோக்கியோவின் கொதாரோ யோஷிமுரா. உறிஞ்சும்போது ரத்தக் குழாய்களை ஒட்டிய செல்களில் பெரும்பகுதி உடலிலேயே தங்கிவிடுவதால், சிரிஞ்சில் வரும் கொழுப்பு மூலச் செல் குறைந்த கொழுப்பு என்று அவர் குழு கண்டது. எனவே எடுத்த கொழுப்பில் ஒரு பாதியிலிருந்து படிவுச் செல்களைப் பிரித்து, அவற்றை மறுபாதியுடன் கலந்து செலுத்தினால் ஒட்டின் செறிவு மீண்டும் நிறைவடையும் என்பது அவர்கள் தருக்கம். செல் துணைக் கொழுப்பொட்டு என்ற இம்முறையின் ஆய்வகச் சான்று 2006இலும், முகக் கொழுப்புச் சிதைவு நோயாளிகளில் பயன்படுத்திய அறிக்கை 2008இலும் வந்தன. அதே குழுவினர் எலிகளில் செய்த பிற்கால ஆய்வு, நியூஹாஃப், பியர் இருவருக்கும் இடையிலான பழைய வழக்கையும் தீர்த்துவைத்தது. ஒட்டின் வெளிவிளிம்பில் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பில் உள்ள கொழுப்புச் செல்களே பிழைக்கின்றன. அதற்கு உள்ளே கொழுப்புச் செல்கள் ஓரிரு நாளில் இறக்கின்றன, ஆயினும் உயிர்வளிக் குறைவைத் தாங்கும் மூலச் செல்கள் பிழைத்து அவ்விடத்தில் புதுக் கொழுப்பை உருவாக்குகின்றன. நடுமையத்தில் எதுவும் எஞ்சுவதில்லை. பிழைப்பும் உண்டு, மாற்றீடும் உண்டு என்பதால், இருவர் சொன்னதிலும் பாதி மெய் இருந்தது.

மனிதரில் இதை அளவிட்ட ஆய்வுகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை. பாரி–ராம்பெர்க் நோயாளிகள் பத்துப் பேரைக் கொண்டு 2012இல் வெளியான கொரிய ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் சேர்க்கப்பட்டவர்களின் கரைவு, சேர்க்கப்படாதவர்களின் கரைவில் பாதிக்கும் குறைவாக இருந்தது. சாவோ பாவ்லோப் பல்கலைக்கழகத்தில் கிரேனியோஃபேஷியல் மைக்ரோசோமியா உடைய 14 பேரிடம் செய்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் படிவுச் செல் சேர்த்த கொழுப்பில் 88 விழுக்காடும், சேர்க்காததில் 54 விழுக்காடும் எஞ்சின. கோபன்ஹேகனில் நலமான பத்துத் தன்னார்வலரின் மேற்கைகளில் செய்யப்பட்டு அதே ஆண்டில் லான்செட் இதழில் வந்த, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வில், ஆய்வகத்தில் பெருக்கிய செல்களைச் சேர்த்த கொழுப்பில் சுமார் 81 விழுக்காடும், சேர்க்காததில் சுமார் 16 விழுக்காடும் நான்கு மாதத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தன. ஆனால் கோபன்ஹேகனில் கொழுப்பு ஒரே குவியலாக வைக்கப்பட்டது. கோல்மன் முறைப்படி பரப்பப்படவில்லை. எனவே 16 விழுக்காடு என்பது இன்றைய முகச் சிகிச்சையில் எதிர்பார்க்கவேண்டிய கணக்கன்று. செல்களின் பயனும் அக்குவியலால் மிகைப்பட்டுத் தோன்றியிருக்கலாம்.

குழந்தைகளுக்குப் பொருந்துமா?

ஒரு குழந்தையின் சீரமைப்பில் கொழுப்புச் செல்கள் பயன்பட்ட மிக முந்திய பதிவு ஜெர்மனியின் கீசன் நகரிலிருந்து 2004இல் வந்தது. தலைக்காயத்தால் மண்டையோட்டில் பெரும் இழப்பு நேர்ந்த ஏழு வயதுச் சிறுமிக்கு, இடுப்பெலும்புத் துகளுடன் அவளுடைய கொழுப்பிலிருந்து பிரித்த செல்களும் ஃபைப்ரின் பசையும் சேர்த்து வைக்கப்பட்டன. ஒரே நோயாளியைப் பற்றிய அவ்வறிக்கை வழியைத் திறந்ததே தவிர விடை தரவில்லை. கொழுப்பு எல்லாத் தழும்புகளையும் மென்மையாக்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, தீக்காயத் தழும்புள்ள எட்டுக் குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு, ஒரு தழும்புப் பகுதியில் கொழுப்பும் ஒத்த இன்னொரு பகுதியில் உப்பு நீரும் செலுத்தியதில் தோற்றத்தில் வேறுபாடு எதையும் காணவில்லை. சிறிய ஆய்வாயினும், ஒப்பீடு இல்லாத பாராட்டுகளை அப்படியே ஏற்கலாகாது என்பதை அது உணர்த்தியது.

குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கிய வடிவம் அன்று என்பதால் இம்முறைக்குத் தனித் தடைகளும் உள்ளன. மெலிந்த குழந்தையின் வயிற்றிலும் தொடையிலும் கிடைக்கும் கொழுப்பே குறைவு. அதில் ஒரு பாதியைச் செல்களுக்காக ஒதுக்கவேண்டும் என்ற யோஷிமுரா முறை அப்பற்றாக்குறையை இரட்டிக்கும். செல்களை ஆய்வகத்தில் பெருக்கினால் சிறிதளவு கொழுப்பே போதும். ஆனால் எடுப்பதற்கும் வைப்பதற்கும் தனித்தனியே இருமுறை மயக்கமும், கிருமித்தூய்மை உறுதிசெய்யப்பட்ட செலவு மிக்க ஆய்வகமும் வேண்டும். வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பு முகத்துக்கு வந்தபின்னும் தன் பழைய இயல்பைக் கைவிடுவதில்லை. பருவமடைந்து எடை கூடும்போது ஒட்டிய கன்னம் மறுகன்னத்தைவிடப் பருத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பாரி–ராம்பெர்க் நோய் ஓய்வதற்கு முன் வைத்த கொழுப்பும் கரையக்கூடும். கூர்முனை ஊசி ரத்தக் குழாயில் நுழைந்தால் பார்வையிழப்பும் பக்கவாதமும் நேரலாம் என்பதால் மழுங்கிய கேனுலாவே கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருக்கத்தைத் தூண்டும் செல்களை வளரும் உடலில் வைத்தபின், அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் அவற்றின் விளைவு எதுவாயிருக்கும் என்பதற்கு ஆறு மாத ஆய்வுகள் சான்றாக முடியாது.

சட்டம் இவ்வெச்சரிக்கையையே பின்பற்றியது. நொதியால் கொழுப்பைக் கரைத்துச் செல்களைப் பிரிப்பது திசுவின் இயல்பையே மாற்றும் செயல், ஆகவே அது மருந்துக்குரிய ஒப்புதல் பெறவேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் உறுதிசெய்தது. அதே ஆண்டில், அமெரிக்காவின் தனியார் சிகிச்சையகம் ஒன்றில் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் கடும் பார்வையிழப்புக்கு ஆளான அறிக்கை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. முகச் சீரமைப்போடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லையெனினும், சொந்தச் செல் என்பதாலேயே தீங்கற்றது என்ற விளம்பரவாதம் அத்துடன் நொறுங்கியது. ஜப்பான் 2013இல் இத்தகைய சிகிச்சைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ரத்தம் உருவாக்கும் மூலச் செல்களைக் கொண்டு சில நோய்களுக்குச் செய்யப்படும் மாற்றுச் சிகிச்சை தவிர்ந்த ஏனைய ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனைத்தும் ஆய்வு நிலையிலேயே உள்ளவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் நிலைப்பாடு.

எனவே இன்றைய நிலையில், கோல்மன் வழியில் பரப்பப்படும் சாதாரணக் கொழுப்பொட்டு, பயிற்சி பெற்ற கைகளில், குழந்தைகளின் முகக் குழிவுகளுக்குத் தவணை முறையில் பயன்படும் நிறுவப்பட்ட சிகிச்சை ஆகும். செல் செறிவூட்டிய கொழுப்பொட்டு, சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை அளித்திருப்பினும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன், கட்டணம் பெறாமல், நீண்டகாலக் கண்காணிப்போடு நடத்தப்படும் ஆய்வாகவே இருத்தல் வேண்டும். அதை விலைக்கு விற்க முன்வருவோரிடம், எத்தனை குழந்தைகளுக்குச் செய்தீர்கள், எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்தீர்கள், செல் சேர்க்காத ஒட்டோடு ஒப்பிட்டு அளந்தீர்களா என்ற மூன்று கேள்விகளைப் பெற்றோர் கேட்கவேண்டும். மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான விடை கிடைக்காத இடத்தில் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது.